நாம் தேநீர் குடிக்கத் தொடங்கிய கதை

நம் அத்தா ஒரே காலையில் இரண்டு முறை விழிப்பார் என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முதல் விழிப்பு சுபுஹு பாங்கிற்கு; இரண்டாவது விழிப்பு காப்பிக்கு. முன்னதற்கு அவர் தாமே எழுந்துவிடுவார். பின்னதற்கு அம்மாதான் எழுப்ப வேண்டும். பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்து ஊஞ்சற் பலகையில் கண்மூடிச் சாய்ந்திருப்பவர், பித்தளை டம்ளர் பக்கத்தில் வைக்கப்படும் ஓசை கேட்ட பின்னரே உலகத்தோடு பேசத் தொடங்குவார்.

கொட்டையாக வாங்கி, இரும்புச் சட்டியில் பதமாக வறுத்து, கையால் சுற்றும் அரைவையில் அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்துப் போடுவது நம் வீட்டு வழக்கம். அரைவையைச் சுற்றுவது சிறுவனாகிய நம் பொறுப்பு. வறுபடும் கொட்டையின் மணம் தெருமுனை வரை செல்லும். சிக்கரி கலந்த தூள் நம் வீட்டுப் படியேறியதில்லை. அத்தா கைலி வியாபாரம் செய்துவந்தார். வியாபாரம் படுத்துவிட்ட மாதங்களில் மீன் குறைந்ததுண்டு. நெய் அறவே நின்றதுண்டு. காப்பி மட்டும் குறைந்ததில்லை.

இப்பற்றுக்கு ஒரு மறுபுறமும் இருந்தது. தேநீரை அத்தா குடிக்கத் தகுந்த பொருளாகவே எண்ணியதில்லை. அது தெருவில் குடிப்பது, நின்றுகொண்டு குடிப்பது, உழைத்துக் களைத்தவர் அரைமணி நேரம் பசியைத் தள்ளிப்போடக் குடிப்பது. "டீக்கடை பெஞ்சில் உன் மகனைப் பார்த்தேன் என்று எவனும் என்னிடம் வந்து சொல்லக் கூடாது" என்பார். அந்தப் பெஞ்சில் அமர்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவர் விற்ற கைலியை நெய்த நெசவாளர்கள். அது அத்தாவுக்கும் தோன்றவில்லை. அன்று நமக்கும் தோன்றவில்லை.

நம் ஊர் குறிஞ்சிப்பாடி. பெயரில் குறிஞ்சி இருக்கிறதே தவிர மலையும் இல்லை, மலைச் சாரலும் இல்லை. ஒருபுறம் செம்மண்ணில் முந்திரி, மறுபுறம் ஏரிப் பாசனத்தில் நெல், ஊருக்குள் தறியோசை. தேயிலை என்பது இங்கே எவரும் கண்ணால் கண்டிராத மலையொன்றிலிருந்து பொட்டலத்தில் வந்து சேரும் தூள். காப்பிச் செடியை மட்டும் நாம் பார்த்திருந்தோமா என்றால், அதுவும் இல்லை. ஆயினும் காப்பியை நம்முடையது என்று கருதினோம். அதற்குக் காரணம் நம் உஸ்தாது.

வீராணம் ஏரிக் கரையில், வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த லால்பேட்டையில் நாம் ஓதிக்கொண்டிருந்தபோது, மாலைதோறும் மாணவர்களுக்குச் சாயா ஊற்றுவார்கள். பெரிய அண்டாவில் கொதித்துக் கொதித்துச் செம்மண் நிறம் கொண்டிருக்கும். நாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பதை ஒரு நாள் உஸ்தாது பார்த்துவிட்டார். காரணம் கேட்டார். "வீட்டில் காப்பிதான் பழக்கம்" என்றோம். அவர் சினக்கவில்லை. அன்று இலக்கணப் பாடத்தை மூடி வைத்துவிட்டுக் கஹ்வாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

'கஹ்வா' என்ற சொல் பழைய அரபு மொழியில் மதுவைக் குறித்தது என்று அவர் சொன்னபோது மாணவர்கள் திடுக்கிட்டோம். உணவின்மேல் உள்ள நாட்டத்தைப் போக்குவது, பசியை அடக்குவது என்பது அதன் வேர்ப்பொருள் என அகராதி ஆசிரியர்கள் எழுதுவர். பின்னர் யமன் நாட்டில் காப்பிக் கொட்டையை அவித்து இறக்கிய நீருக்கு அப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நாட்டு ஸூபிகள் இரவெல்லாம் திக்ரில் விழித்திருக்க அதை அருந்தினர். மோக்கா துறைமுகத்திலிருந்து அது உலகெங்கும் சென்றது. துருக்கியர் 'கஹ்வே' என்றனர். ஐரோப்பியர் வாயில் அது 'காபி' ஆயிற்று. நம் நாவில் 'காப்பி' ஆயிற்று. ஏழே ஏழு கொட்டைகளை பாபா புதன் என்னும் இறைநேசர் ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்று கன்னட நாட்டில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அம்மலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. "ஆகவே, தம்பி, நீ குடிப்பது அரபு நாட்டுப் பானம். அதற்காக இந்தச் சாயாவைத் தள்ளிவைக்காதே" என்று முடித்தார் உஸ்தாது. நாம் முதல் வாக்கியத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டோம்.

ஓதி முடித்து ஊர் திரும்பி, ஆசிரியப் பணியில் அமர்ந்து, மணமும் முடிந்தது. அத்தா 1999-இல் மறைந்தார். பித்தளைப் பில்டர் நம் கைக்கு வந்தது. காப்பியைப் பற்றிய அவருடைய செருக்கும் உடன் வந்தது. 'அரபு நாட்டுப் பானம்' என்ற மெருகை நாம் அதற்கு ஏற்றிக்கொண்டோம்.

பள்ளிவாசலுக்குச் செல்லும் வழியில் ஒரு தேநீர்க் கடை உண்டு. கடைக்காரரை ஊரார் 'சிலோன்காரர்' என்பர். இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து, தாயகம் திரும்பியோருக்கு அரசு கொடுத்த தொழிற்கடனில் அக்கடையைத் தொடங்கியவர் என்ற அளவில்தான் நமக்குத் தெரியும். அவர் வாயில் தேநீர், 'தேத்தண்ணி'. அத்தா மறைவதற்கு முந்திய ஆண்டு, கூரைக் கடையை ஓட்டுக் கடையாக மாற்றினார். அன்று போவோர் வருவோர்க்கெல்லாம் காசு வாங்காமல் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் ஒரு கிளாஸை ஆற்றி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி வந்தார்.

"அஜரத், ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"நமக்குக் காப்பிதான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு நடந்தோம்.

விருந்தை மறுக்கலாகாது என்று மாணவர்க்கு எத்தனையோ முறை பாடம் சொன்ன வாய் அது. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்தக் கிளாஸை அவர் என்ன செய்தார் என்பது நமக்கு இன்றுவரை தெரியாது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அக்கடையைக் கடந்து நாள்தோறும் ஐந்து வேளை சென்று வந்தோம். அவர் ஸலாம் போலத் தலையசைப்பார், நாமும் அசைப்போம். மறுமுறை அவர் அழைக்கவில்லை.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் தானே புயல் கரை கடந்த நாள். கடலூர் மாவட்டத்தார் எவருக்கும் அந்நாளை விரித்துரைக்கத் தேவையில்லை. பிற ஊர் வாசகர்களுக்காக ஒன்று சொல்வோம். முந்திரியும் பலாவும் இப்பகுதி மக்களுக்குப் பயிர் அல்ல; வங்கியிலிட்ட பணம். தாத்தா நட்டதைப் பேரன் உண்பான். அந்த மரங்கள் ஒரே காலைப் பொழுதில் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வயல்களில் விழுந்து கிடந்தன. பல சிற்றூர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை.

நம் வீட்டில் ஓடுகள் பறந்தனவே அன்றி உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் பால் இல்லை. சாலையெங்கும் மரம் விழுந்து கிடக்கையில் பால் வண்டி எப்படி வரும்? கைஅரைவை எப்போதோ பழுதாகி, மின்சார அரைவைக்கு நாம் மாறியிருந்தோம். ஆதலால் கொட்டை இருந்தும் தூள் இல்லை. வெள்ளி பிற்பகலுக்குள் தலைவலி தொடங்கிவிட்டது. காப்பி நின்றால் வரும் தலைவலி என்னவென்று காப்பி வீட்டார் அறிவர். சனிக்கிழமை அது கண்ணுக்குப் பின்னே சம்மட்டியாக அடித்தது. ஊர் முழுவதும் உடைமையை இழந்து நிற்கும்போது ஒருவன் காப்பிக்காகத் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பது எத்தகைய வெட்கம்! அதை எவரிடமும் சொல்லவும் இல்லை.

அன்று லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தோம். சிலோன்காரர் கடையின் ஓடுகள் பாதி போயிருந்தன. அவர் தெருவிலேயே மூன்று கற்களைக் கூட்டி, விழுந்த மரத்தின் கிளைகளை வெட்டி எரித்து, ஒரு குண்டானில் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். பால் கலவாத சாயம். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். சீனிக்குப் பதில் வெல்லம். நெசவாளர், முந்திரித் தோப்பில் மரம் அறுக்கப் போகின்றவர், தொழுது வந்தவர் எல்லோரும் கிடைத்த பாத்திரத்தில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தனர். நாம் ஒதுங்கி நடக்கப் பார்த்தோம். அவர் ஒரு கிளாஸை நீட்டினார்.

"இன்னைக்குப் பாலும் இல்ல, காசும் இல்ல. குடிங்க அஜரத்."

குடித்தோம். முதல் மிடறு நாவைச் சுட்டது. இரண்டாவது மிடற்றில் துவர்ப்பு. அதன் பின்னே இஞ்சியின் காரம். எல்லாம் இறங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய இனிப்பொன்று தங்கிற்று. பாதிக் கிளாஸ் முடிவதற்குள் தலைவலி தளர்ந்தது. அதே சத்துத்தானே இதிலும் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லுவார், சொல்லட்டும். பதின்மூன்று ஆண்டுக்கு முன் மறுத்த கிளாஸ் அது என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று அவர் முகத்தில் தேடினோம். அவர் அடுத்த கிளாஸை நிரப்பிக்கொண்டிருந்தார்.

பால் வந்தது, மின்சாரம் வந்தது, காப்பியும் திரும்ப வந்தது. ஆனால் அஸர் தொழுகைக்குப் பின் நம் கால்கள் கடைப்பக்கம் திரும்பத் தொடங்கின. முதலில் நின்றபடி குடித்தோம். பிறகு பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தோம். பிறகு நாளிதழை உரக்கப் படித்துச் சொல்லும் வேலை நம்மிடம் வந்து சேர்ந்தது. காலைக் காப்பி, மாலைத் தேநீர் என்றிருந்தது, இரண்டு ஆண்டுகளில் காலையும் தேநீர் ஆயிற்று. நம் வீட்டார், "அத்தா இருந்திருந்தால்..." என்று வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிடுவார்கள். அம்மா மட்டும் இன்றளவும் காப்பிதான். அவர்களுக்குப் பில்டரில் வெந்நீர் ஊற்றுவது நம் கடமை. அதன் மணம் நமக்கு இன்னும் இனிக்கிறது. குடிக்கத்தான் தோன்றுவதில்லை.

தேநீரில் கற்றுக்கொள்ளவும் சில இருந்தன. நம் நாட்டுக் கடைகளில் புழங்குவது இலையே அன்று. நசுக்கி, கிழித்து, சுருட்டிய 'சி.டி.சி.' தூள். அம்முறையை 1930-களில் அசாம் தோட்டங்களில் கண்டனர். அது விரைவில் சாயம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும், ஒரு பொட்டலத்தில் பல கிளாஸ் தேறும். ஏழை குடிக்கும் பானமாகத் தேநீர் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் இலைத்தேயிலை வாங்கி, கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி, இலையைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் மூடிவைக்கும் முறையை நாம் பழகிக்கொண்டோம். சிலோன்காரரிடம் பெருமையாகச் சொன்னபோது, "அது தொரைமாரு குடிக்கிறது" என்று சிரித்தார்.

சொல்லிலும் ஒரு சுவை உண்டு. சீனத்திலிருந்து தரைவழியே சென்ற சொல் பாரசீகத்தில் 'சாய்' ஆயிற்று. 'ச' ஒலி அரபியில் அப்படியே நில்லாமையால் அங்கே 'ஷாய்' ஆயிற்று. கடல்வழியே சென்ற சொல் 'தே'. தமிழ் அதனோடு தன் 'இலை'யைச் சேர்த்துத் 'தேயிலை' என்றது. நம் மக்கள் 'சாயா' என்றும் சொல்வர், 'தேநீர்' என்றும் எழுதுவர்; இரு வழியும் வந்து கூடும் வாய் நம்முடையது. நம் பெஞ்சுத் தோழர்கள் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்களாதலால் இந்தச் சாயமும் அந்தச் சாயமும் அவர்கள் பேச்சில் கலந்தே வரும். "இன்னைக்குச் சாயம் பிடிக்கல" என்று ஒருவர் சொன்னால் நூலா தேநீரா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அஜரத் டீக்கடையில் அமர்கிறார் என்ற செய்தி ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரை எட்டிற்று. தனியே அழைத்து, "தகுமா?" என்று கேட்டார். நாம் கி.பி. 1511-ஐ அவருக்குச் சொன்னோம். அவ்வாண்டு மக்காவில் அதிகாரியாயிருந்த கைர் பேக் அறிஞர்களைக் கூட்டிக் காப்பிக்குத் தடை விதித்தார். மயக்கம் தரும் பொருளா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, மக்கள் காப்பிக்காக ஓரிடத்தில் கூடி அமர்ந்து பேசுகின்றனர் என்பதும் பெருங்குறையாகச் சொல்லப்பட்டது. கெய்ரோவிலிருந்த சுல்தான் அத்தடையை நிலைக்க விடவில்லை. பின்னும் வழக்கு ஓயாமல், 1558-ஆம் ஆண்டளவில் அப்துல் காதிர் அல்ஜஸீரி என்பார் காப்பி ஆகுமானதே என நிறுவ ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. "நம் அத்தா குடித்த காப்பியே இப்படிப் பெஞ்சிலிருந்து வந்ததுதான்" என்றோம். பெரியவர் தலையாட்டினார். ஆனால் இன்றுவரை அவர் பெஞ்சில் அமரவில்லை. கிளாஸைக் கடைக்கு வெளியே வரவழைத்துக் குடிக்கிறார்.

பெஞ்சில் அமர்ந்த ஓராண்டுக்குப் பின்பே ஒன்றைக் கவனித்தோம். சிலோன்காரர் தேநீர் குடிப்பதில்லை. நாளொன்றுக்கு எத்தனையோ கிளாஸ் ஆற்றுகிறவர், தமக்கென்று ஒரு மிடறும் ஊற்றிக்கொள்வதில்லை. ஒருநாள் கேட்டுவிட்டோம்.

"பசிக்குக் குடிச்ச தண்ணிய ருசிக்குக் குடிக்க வராது அஜரத்" என்றார்.

'கஹ்வா'வின் வேர்ப்பொருளை உஸ்தாது சொன்ன அந்தப் பிற்பகல் நமக்கு நினைவு வந்தது. அகராதியில் அது ஒரு வரி.

அவர் துண்டு துண்டாகச் சொன்னவற்றையும், நாம் பின்னர் நூல்களில் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். காப்பியிலிருந்து தேநீருக்கு மாறியவர் நாம் ஒருவர் அல்லர். ஒரு நாடே அவ்வாறு மாறியது.

இலங்கை மலைநாட்டில் வெள்ளையர் முதலில் பயிரிட்டது காப்பி. அதற்கென்று தமிழகத்திலிருந்து ஆட்கள் சென்றதை 1823-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு, 2023-இல் இருநூறாம் ஆண்டை மலையகத் தமிழர் நினைவுகூர்ந்தனர். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்தே மலையேறினர். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டோர் பலர். எனினும் காப்பிக்கு ஒரு குணம் உண்டு. அது பருவத்தில் காய்ப்பது; பழம் பறித்து முடிந்தால் வேலை குறைந்துவிடும். ஆட்கள் ஊருக்குத் திரும்பிவந்து தம் நிலத்தை உழுவர்; மறு பருவத்திற்குப் போவர்.

1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்புறம் மஞ்சள் பொடி படியும் நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்நாட்டுக் காப்பித் தொழில் அழிந்தது. 1867-இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873-இல் இலண்டனுக்கு அனுப்பியது 23 இராத்தல்தான். காப்பி மாண்ட நிலமெல்லாம் பிறகு தேயிலை ஆயிற்று. தேயிலைக்குப் பருவம் இல்லை. வாரந்தோறும் கொழுந்து விடும். ஆண்டு முழுவதும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிள்ளுவதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்களில் குடியமர்த்தினர். ஊர் திரும்பும் வழக்கம் அற்றுப்போயிற்று. காப்பி போய்வர விட்டது, தேயிலை விடவில்லை. மலையகத்து நாட்டார் பாடல்களில் 'கோப்பிப் பழம்' பறித்த காலம் இன்றும் இருப்பதாகச் சொல்வர். சிலோன்காரரின் பாட்டி, நடந்ததை நாள் குறிக்கும்போது 'அது கோப்பிக் காலத்துல' என்பாராம். அந்தக் காலத்தைத் தாமே கண்டவர் அல்லர், தம் தாய் சொல்லக் கேட்டவர்.

அப்படித் தங்கியவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்து, 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 'நீங்கள் எந்நாட்டவர்?' என்றது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தனர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பிரிப்பது போன்ற கணக்கு. ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் ஒரு நாட்டவன், தங்கை வேறு நாட்டவள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அங்கும் அதே கூடை, அதே கொழுந்து. வேறு சிலர் தொழிற்கடன் பெற்றுச் சமவெளி ஊர்களில் சிதறினர்.

சிலோன்காரர் 1974-இல் வந்தார். தோட்டங்களில் உணவுப் பஞ்சம் கடுமையாயிருந்த நேரம் அது. மாவும் அரிசியும் குறைந்து, வெறுந் தேநீரைக் குடித்துவிட்டு மலையேறிய நாட்களை அவர் சொல்வார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனி; அதை நக்கிக்கொண்டே ஒரு கோப்பைச் சாயம். தாம் கிள்ளிய கொழுந்தில் நல்லது கப்பலேறிவிடும்; லயத்திற்கு வருவது கழிவுத் தூள். அக்காவின் கணவருக்கு இலங்கைக் குடியுரிமை. ஆகவே அக்கா அங்கேயே நின்றுவிட்டார். தலைமன்னார்த் துறையில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறும் நாளில், அக்கா ஒரு போத்தலில் தேநீர் கட்டிக்கொடுத்தாராம். இராமேசுவரம் வந்து இறங்கியபோது அது ஆறிப்போயிருந்தது. அதைக் கீழே ஊற்ற மனம் வராமல் மண்டபம் முகாம் வரை கொண்டுபோனதாகச் சொன்னார். அதற்கு மேல் அந்தப் போத்தலைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு தேநீர் நமக்குக் கசந்திருக்க வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். கசக்கவில்லை. முன்னிலும் மெதுவாகக் குடிக்கப் பழகினோம், அவ்வளவே. கடைசி மிடற்றைக் கிளாஸோடு சுழற்றித் தெருவில் வீசும் வழக்கம் நம் ஊர்ப் பெஞ்சுகளில் உண்டு. அதை நாம் செய்வதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்துவந்தோம். அம்மா பித்தளை டம்ளரில் காப்பி கொடுத்தார். மறுபேச்சின்றி வாங்கி, நுரை மீசையில் ஒட்டக் குடித்து முடித்து, "பாட்டி சொன்ன கோப்பிக் காலம் இதுதானாம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை; இன்னொரு டம்ளர் கொண்டுவந்தார். அதுமுதல் வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் அவருக்கு ஒரு சிறு பிளாஸ்க்கில் காப்பி போகிறது. நாம் அவருடைய தேநீரை வாங்கிக்கொள்கிறோம்.

அக்காவுக்கு அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக்கொடுப்பதும் நம் வேலையாயிற்று. எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுத வராது. ஹட்டன் பக்கத்திலுள்ள தோட்டத்து முகவரிக்கு ஆண்டில் நான்கைந்து கடிதம். பதில் மருமகன் கையெழுத்தில் வரும். பின்னர் பேரன் கைப்பேசி வாங்கினான். 2019-இல் ஒரு மாலை, கடையில் நாம் இருந்தபோதே, அதில் அக்காவின் முகம் தோன்றிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பது அதுவே முதல் முறை. பேரன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். இரு பக்கமும் நெடுநேரம் பேச்சில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தெருவுக்குப் போய்விட்டனர். எழப்போன நம்மை அவர் கையைப் பிடித்து இருத்திக்கொண்டார்.

அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"தேத்தண்ணி குடிச்சியாடா?"

"குடிச்சேன்க்கா" என்றார்.

அழைப்பு முடிந்தபின் நம் பக்கம் திரும்பி, "பொய்தான் சொன்னேன் அஜரத்" என்றார். பொய்யைப் பற்றி நாம் வகுப்பில் சொல்லும் பாடம் எதுவும் அப்போது நாவுக்கு வரவில்லை. அவர் எழுந்துபோய்ப் பாய்லரிலிருந்து கொதிநீர் பிடித்து, பால் ஊற்றாமல் இரண்டு கிளாஸ் சாயம் இறக்கினார். ஒன்றை நம்மிடம் தந்தார். மற்றொன்றை ஊதி ஊதித் தாமே குடித்தார். பாதியில் நிறுத்தி, சீனி போதவில்லை என்று சொல்லி, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்.